யாராவது கட்டட்டும் என்றாய்

அப்பு,

நான் சௌக்கியமாக இருக்கிறேன் என்று தினமும் போனில் சொல்கிறேன், நீயும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாய். அதனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. போனில் சொல்ல வாய் வராததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் உன் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டு முடித்துவிடுகிறேன். போடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாதி ஆயுசை ஓட்டியவள் நான். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் பேச லைன் கிடைக்கவில்லை என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வார்த்தை சொன்னாய். உன் அப்பாவுக்கு வருஷம் திரும்புகிறது, திதிக்கு லீவு போட்டுவிட்டேன், வருகிறேன் என்றாய். எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேதான், "உருமாக்கட்டு பாக்கி இருக்குப்பா, அதையும் சேத்து முடிச்சிரலாம்" என்றேன். தகப்பன் போன பிறகு மகன் தலையில் தாய்மாமன் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிடுவது. இனி இந்த வீட்டுக்கு இவன்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்வது. பதினாறாம் நாள் நடந்திருக்க வேண்டும். எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்த நீ, காலேஜ் திறக்கிறது என்று அதற்கு முன்பே அயர்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டாய். அதில் எனக்குக் குறையில்லை, உன் வேலை அப்படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது, "அதுக்கென்னம்மா, யாராவது கட்டட்டும். துண்டுதானே." பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அந்த 'யாராவது' என்னை மூன்று நாளாகப் போட்டுப் படுத்துகிறது. ஏனென்றால் கட்டப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவரைப் பற்றி நீ எழுதியே இருக்கிறாய்.

உன் பேச்சு ஒன்றை எனக்கு யாரோ வாட்ஸப்பில் அனுப்பினார்கள். தமிழில் பேசியிருந்தாய், அதனால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். முன்பெல்லாம் சமூகவியலில் ஒரு சமூகம் என்றால் மூடி போட்ட பெட்டி மாதிரி நினைத்தார்கள், ஒரு நாடு, ஒரு எல்லை, உள்ளே இருப்பவர்கள் ஒப்புக்கொண்ட விதிகள், அதற்குப் பெயர் சமூக ஒழுங்கு என்றாய். உலகமயம் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டது, ஆளும் சரக்கும் பணமும் எல்லை தாண்டி ஓடும்போது ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று இனிமேல் வேறு மாதிரி கேட்க வேண்டும் என்றாய். நன்றாகத்தான் பேசினாய். சட்டை மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது. கேட்கும்போதே எனக்குப் பேச வேண்டும் போல் இருந்தது, ஆனால் அது பதிவு செய்த பேச்சு. நான் என்ன சொன்னாலும் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாய்.

நம் மலைக்கு மூடி எப்போது இருந்தது, அப்பு? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏலக்காய் வியாபாரிகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டிரங்க் கால் பதிவு செய்வார்கள். கேட்கக் கூடாதுதான், காதில் விழும். ஒரு நாள் ஒரு முதலாளி, "கவுதமாலா காய் எறங்கிருச்சாமே, நம்ம பொழப்பு போச்சே" என்றார். கவுதமாலா என்பது வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட் என்று நினைத்து உன் அப்பாவிடம் வந்து விசாரித்தேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த வருஷம் விலை விழுந்து, ராசிங்காபுரத்தில் நான் பிறந்த வீட்டில் இருந்த என் அண்ணன் தன் மலைத்தோட்டத்தை விற்றார். பார்த்தே இராத ஒரு தேசத்தின் காய் வந்து எங்கள் வீட்டுக்குள் யார் பெரியவர், யார் சின்னவர் என்பதை மாற்றிவிட்டுப் போனது. அதுவரை அண்ணன் வந்தால் உன் அப்பா எழுந்து நிற்பார். அதன் பிறகு அண்ணன்தான் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்.

டிரங்க் காலில் மூன்று வகை இருந்தது. சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங். அதிகம் கொடுப்பவனுக்கு லைன் உடனே. பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குப் பேச வந்த ஒரு தேவாரத்து அம்மா காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். யார் காத்திருக்க வேண்டும், யார் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அன்றைக்கு ஒழுங்கு. இன்றைக்கு லைனுக்கு யாரும் காத்திருப்பதில்லை. உன் வகுப்பு முடிந்து நீ கூப்பிடும் வரைக்கும் நான்தான் போனை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். குளிக்கும்போதுகூட அதை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் குளிக்கிறேன்.

நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவியெல்லாம் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. துபாய்ச் சாவி, சென்னைச் சாவி, பெங்களூர்ச் சாவி என்று பெயர் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வீடாகத் திறந்து, குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா பார்த்து, விளக்கேற்றிவிட்டு வருவேன். அப்புறம் நம் வீட்டுக்கு வந்து என் விளக்கை ஏற்றுவேன். ஒரு வாரம் ஒரு வீட்டுக்குள் நின்று, "யாரும்மா உள்ள?" என்று சத்தமாகக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு குரல் கேட்டால் தேவலை என்று இருந்தது, அவ்வளவுதான். இதை எழுதுவது உன்னைக் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை. தனியாக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது உன்னிடம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

இனி உன் அப்பாவை எடுத்த அன்று நடந்ததற்கு வருகிறேன். நீ போன் வழியாகப் பார்த்தாய். ஆனால் போனை யாரோ தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள், உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

எல்லாம் தயாராக இருந்தது. பாடை கட்டியாகிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி மட்டும் வரவில்லை. புருஷனை இழந்தவளுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து தோளில் விழ வேண்டும், அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். என் அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் மஸ்கட்டில் இருக்கிறான், அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அங்கேதான். ராசிங்காபுரம் வீடு பூட்டு. அவன் போனில் அழுதான். "அத்தே, லீவு தர மாட்டேங்கிறான். ஆன்லைன்ல சேலை ஆர்டர் போட்டுட்டேன் அத்தே. நாளைக்கு வந்துரும்" என்றான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வெயில் தாழத் தொடங்கியது. "கோடி எங்கப்பா? பொறந்த வீட்டாளுக யாரும் இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே மங்ரா நின்றான். மலையில் நம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவன், ஜார்க்கண்டுக்காரன், பூப்பாறைப் பக்கம் கூலியாட்கள் இருக்கிற லயத்து வீட்டில் பெண்டாட்டியோடு இருக்கிறான். ஊரார் வாயில் அவன் பெயர் நுழையாமல் சங்கரு ஆகிவிட்டான். எதற்காக எல்லாரும் நிற்கிறார்கள் என்று அவன் ஜீப்பு ஓட்டுகிற செல்வத்திடம் கேட்டிருக்கிறான். செல்வம், "சேலைப்பா. அக்காவுக்குச் சேலை வரணும். வந்தாத்தேன் எடுக்க முடியும்" என்று சொல்லியிருக்கிறான். யார் கொண்டுவர வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா அது, இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியுமே. மங்ராவுக்கு அது டீசல் இல்லாமல் லோடு நிற்கிற மாதிரி புரிந்திருக்கிறது. சாமான் ஒன்று குறைகிறது, போய் வாங்கி வந்தால் சோலி முடிந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடி, கடையில் ஒரு சேலையை எடுத்து வந்தான். பச்சையில் பெரிய பெரிய மஞ்சள் பூ. மற்றவர்கள் மாலை போடுவதைப் பார்த்திருந்தான் அல்லவா, அதே மாதிரி நேராக வந்து என் தோளில் போட்டுவிட்டான்.

உன் சித்தப்பா, "யாரு குடுத்து விட்டது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை. அக்காவுக்குச் சேலை இல்லைன்னு எல்லாரும் நிக்குது. ஞான் கொண்டாந்து" என்றான். அவன் தமிழ் அப்படித்தான், பாதி ஜீப்பில் கற்றது, பாதி மலையில் மலையாளத்தோடு கலந்தது.

சேலையை எடு எடு என்று பின்னால் இரண்டு மூன்று குரல் வந்தது. போட்ட கோடியை உருவக் கூடாது என்று இன்னொரு குரல். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான், "என் தம்பிதேன் போட்டிருக்கான். வெரசா ஆக வேண்டியதப் பாருங்க" என்றேன். அப்பு, இதை நீ உன் கட்டுரையில் ரொம்ப அழகாக எழுதியிருந்தாய். அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் உறவின் எல்லையைத் திருத்தி எழுதினார் என்று. நான் எதையும் திருத்தவில்லை. இருட்டுவதற்குள் உன் அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற கவலையில், வாயில் வந்ததைச் சொன்னேன். மனசில் இருந்து வந்த வார்த்தை இல்லை அது.

மனசு அப்புறம்தான் வந்தது. கொஞ்ச நாள் கழித்து மங்ரா என்னிடம், "அக்கா, அந்தக் கோடி எந்தா?" என்று கேட்டான். செல்வம் ஏதோ கேலி பண்ணியிருக்கிறான். நான் விளக்கிச் சொன்னேன். அண்ணன் தம்பி மட்டும்தான் போடலாம், போட்டால் கடைசி வரைக்கும் போட்டவன்தான் பிறந்த வீடு என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அப்போ வேற என்னெல்லாம் செய்யணும்?" என்று கேட்டான். அதுவரைக்கும் அவன் வந்தால் பேப்பர் கப்பில் டீ கொடுப்பேன், கழுவுகிற வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு வெளிக்குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையில் மஞ்சள் கொத்தோடு பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்தான். மலையிலிருந்து ஜீப்பில் கரும்பை நிறுத்தி வைத்துக்கொண்டு வந்ததில் தோகையெல்லாம் கிழிந்திருந்தது. மஸ்கட்டிலிருந்து அண்ணன் மகன் ஆர்டர் போட்ட சேலை அதுவரை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. அதை எடுத்து அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். தம்பி பெண்டாட்டிக்கு நாத்தனார் கொடுக்க வேண்டியது அது. அன்றைக்குச் சாயந்தரம் சாவி ஆணியைப் பார்த்தபோது, ஒரு வீடாவது எனக்குத் திறந்திருக்கிறது என்று தோன்றியது.

நீ ஒழுங்கு என்று சொல்கிற இடத்தில் நாங்கள் முறை என்போம். யாரையாவது புதிதாகப் பார்த்தால், இவர் உனக்கு என்ன முறை என்றுதான் முதலில் கேட்போம். முறை இருப்பதால் செய்கிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மங்ரா தெரியாமல் செய்துவிட்டான், முறை பின்னாலேயே வந்துவிட்டது. உலகமயம் வந்து எங்கள் ஒழுங்கைக் கரைத்துவிட்டது என்று நீ சொன்னால் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மஸ்கட்காரன் வேலை என் பிறந்த வீட்டைப் பூட்டியது, உண்மை. மங்ராவின் ஊரில் பிழைப்பில்லாமல் போனது இன்னொரு வீட்டைத் திறந்தது, அதுவும் உண்மை. இதில் எல்லாருக்கும் நல்லது நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். வடக்கத்தி ஆட்கள் மலையிலேயே தங்கி வேலை செய்வதால் போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் போகிற பெண்களுக்கு வேலை குறைந்திருக்கிறது. அவர்களுக்கு மங்ரா மேல் கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறேன்.

இப்போது உருமாக்கட்டுக்கு வருகிறேன். மங்ரா கட்டுவான் என்று சொன்னதும் நம் சொந்தம் ஒவ்வொன்றாக வந்து உட்கார ஆரம்பித்தது. கோடி அவசரத்துக்கு விழுந்தது, அதை வைத்து உருமாவரைக்கும் போகலாமா என்கிறார்கள். பாஷை தெரியாது, சம்பிரதாயம் தெரியாது என்கிறார்கள். வாயில் சொல்கிற காரணம் இது. மனசில் இருப்பது, அவன் என்ன ஜாதி என்று தெரியவில்லையே என்பதுதான். தெரிந்திருந்தால் எங்கே உட்கார வைப்பது, எங்கே நிறுத்துவது என்று அன்றைக்கே முடிவு செய்திருப்பார்கள். உன் மஸ்கட் மச்சான், வீடியோவில் நான் மந்திரம் மாதிரி ரெண்டு வார்த்தை சொல்கிறேன், கையால் வேறு யாராவது கட்டட்டும் என்கிறான். அவனும் 'யாராவது' என்கிறான். நீங்கள் இரண்டு பேரும் படித்த பிள்ளைகள், ஒரே வார்த்தையைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

சித்தப்பாதான் ஒரு வழி சொன்னார். "மதினி, நாங்க எதுக்குப் பேசணும். தலை அவனுது. அவன் சரின்னா சரி, வேணாம்னா விட்ருவோம்" என்றார். அதற்கு ஒப்புக்கொண்டு எல்லாரும் எழுந்து போனார்கள். ஆக, எல்லாம் உன் தலையில் வந்து நிற்கிறது. நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். நீ முற்போக்கானவன், யார் கட்டினாலும் எனக்கு ஒன்றுதான் என்பாய். எனக்குப் பயம் அதில்தான் இருக்கிறது. ஒன்றுதான் என்று நீ சொன்னால் மங்ராவும் யாராவது ஆகிவிடுவான். கோடி போட்டவனுக்கு அந்த இடம் இல்லை என்றால் எனக்குப் பிறந்த வீடும் இல்லை. நாளைக்கு நான் போனாலும் முதல் கோடி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அன்றைக்கும் எல்லாரும் பந்தலில் நின்றுகொண்டு, கோடி எங்கப்பா, இன்னும் வரலையா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்க நான் இருக்க மாட்டேன், ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வேண்டாம்.

மங்ராவிடம் கேட்டேன். முதலில் அவன், "சார் சம்மதிக்குமோ அக்கா?" என்றான். உன்னைத்தான் சார் என்கிறான். "சார் இல்லடா. ஒனக்கு மருமகன்" என்றேன். அந்த வார்த்தை அவனுக்கு வாயில் வரவில்லை, கூச்சம். ஆனால் அன்றிலிருந்து ஜீப்பு நிற்கிற நேரமெல்லாம் செல்வத்தின் தலையில் துண்டைக் கட்டிக் கட்டிப் பழகுகிறானாம். செல்வம் வந்து புலம்பினான், "மதினி, ஒங்க தம்பி கட்டுற கட்டுல எனக்கு மண்டை வலிக்குது. ஒங்க மகன வெரசா வரச் சொல்லுங்க" என்று.

வரும்போது சொந்தக்காரர்களுக்கு வாங்குகிற மாதிரி அவனுக்கும் ஏதாவது வாங்கி வா. மிட்டாய் வேண்டாம், ஸ்வெட்டர் வாங்கு, மலையில் குளிர். அவன் பேச்சைப் பதிவு செய்யாதே, அவனிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளாதே, அதற்கு வேறு நாள் இருக்கிறது. கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது ஒரு தடவை, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, மாமா என்று கூப்பிடு. சித்தப்பா முகத்தைப் பார்க்காதே, என்னையும் பார்க்காதே.

துண்டு வாங்கி வைத்துவிட்டேன். உனக்கு உன் அப்பாவின் உயரம். மங்ரா உன் தோளுக்குத்தான் வருவான், கை எட்டாது. அவன் ஏறி நிற்க ஒரு முக்காலி போட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். முக்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ குனிந்துகொள்.

அம்மா